நாற்பத்தோராவது பெயர்

எங்கள் கடற்கரையில் ஆட்கள் மூழ்குவது நவம்பரில், அவர்களை நினைவுகூர்வது ஜூலையில். நவம்பரில் விழா வைத்தால் காற்று பாதிரியாரையே தூக்கிக்கொண்டு போய்விடும், கேக் சாப்பிடவும் ஆள் வராது. அதனால் வால்போர்க் கப்பலுக்கான நினைவுக்கல்லை 2017 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பதென்று கமிட்டி முடிவு செய்தது. கப்பல் மூழ்கியது 1907-இல். நூறாவது ஆண்டிலேயே வைத்திருக்க வேண்டிய கல். அதை எங்கே நடுவது என்ற சண்டையிலேயே பத்து வருஷத்தைத் தின்றுவிட்டோம்.

நான் தூர்திஸ். ஹெஸ்தோய் தீவுக்கும் கரைக்கும் நடுவில் ஓடும் ஃபெர்ரியில் முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கொடுத்தவள். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே எனக்கு ஒரு குரல் வாய்த்துவிட்டது. மூழ்கியவர்களின் பெயர்களை விழாவில் படிக்கும் வேலை என்னிடம் வந்ததற்கு அது பாதிக் காரணம். மீதிக் காரணம், கல்லின் கடைசிப் பெயரை அங்கே கொண்டுவந்தவளே நான்தான்.

அன்றைய விசாரணை அறிக்கை இறந்தவர்கள் நாற்பத்தொரு பேர் என்கிறது. நாற்பது பேருக்குப் பெயர் உண்டு. நாற்பத்தோராவது ஆள், மேல்தளத்தில் நின்றே பயணம் செய்த யாரோ ஒருவன். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. உடல் கரை ஒதுங்கியபோது பாதிரியார் பதிவேட்டில் எழுதியது இவ்வளவுதான்: அடையாளம் தெரியாத ஆண், வயது இருபதிலிருந்து முப்பதுக்குள், ஒரு கையில் பின்னல் கையுறை. எங்கள் சர்ச் தோட்டத்தின் வடக்கு மூலையில் அவனைப் புதைத்தார்கள்.

அவன்தான் என் கொள்ளுத்தாத்தா ஸக்கரியாஸ் என்று கேட்டே நான் வளர்ந்தேன். ஸக்கரியாஸ் அந்த வாரம் வேலையாக பூடோ நகரத்துக்குப் போயிருந்தார். திரும்பி வரவில்லை. ஐந்து மாத கர்ப்பிணியாக இருந்த அவர் மனைவி ஒலுஃபினா பாதிரியாரிடம் போய், தன் கணவன் வால்போர்க்கில்தான் வந்துகொண்டிருந்தான் என்று சொன்னாள். பாதிரியார் கடலில் இறந்தவர் என்று எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த வடக்கு மூலையில் எங்கள் குடும்பம் மெழுகுவத்தி ஏற்றுகிறது. அப்பா பனியைத் தோண்டுவார், அண்ணன் ஆன்ஸ்டெயின் தீப்பெட்டியைக் கையால் மறைத்துக் கொளுத்துவான், நான் பாடுவேன்.

என் கணவர் சிக்முன் இறந்த பிறகு அவன் ஸக்கரியாஸ்தான் என்று நிரூபிப்பதையே வேலையாக எடுத்துக்கொண்டேன். ஆறு வருஷம். ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போனது. பழைய போலீஸ் குறிப்பில் கையுறையின் பின்னல் பற்றி ஒரு வரி கிடைத்தது: கறுப்பு வெள்ளை, எட்டு இதழ்ப் பூ. ஹெஸ்தோய்ப் பெண்கள் பின்னுவது அதைத்தான். ரேடியோவில்கூட அதைப் பற்றிப் பேசினேன். ஊரில் எல்லோரும் தோளைத் தட்டினார்கள்.

எதிர்த்தவள் ஒருத்திதான். ரிஸ்டின். மலைகளுக்கு நடுவில் கடல் உள்நுழையும் ஃபியோர்டின் கடைக்கோடியில் வாழும், ஸாமி என்ற வடக்கத்திப் பூர்வகுடிக் குடும்பம் அவளுடையது. வயது எழுபத்திரண்டு, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுடைய பெரியப்பா ஈசாக், பத்தொன்பது வயதில் அதே கப்பலில் ஏறியவன் என்று அவர்கள் வீட்டில் சொல்லிவந்திருக்கிறார்கள். கமிட்டி முன்னால் வந்து அதை அமைதியாகச் சொன்னாள். நான் அமைதியாகக் கேட்கவில்லை.

"பாதிரியார் கையால எழுதுனது எங்ககிட்ட இருக்கு. உங்ககிட்ட ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கா?" என்றேன்.

"எங்க ஆளுங்களப் பத்தி அப்ப யாரு காகிதத்துல எழுதுனாங்க?" என்றாள் அவள்.

"அப்ப கையுறைக்கு என்ன சொல்றீங்க?"

"கையுறைய சந்தையில விக்கிறாங்க தூர்திஸ். எங்களுக்கும் கை குளிரும்."

யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அவள் விடாமல் இன்னொன்று கேட்டாள்: "உங்க ஊர்ல அப்பன் கடல்ல போனப்புறம் பொறக்குற புள்ளைக்கு அப்பன் பேரத்தானே வைப்பீங்க? உங்க தாத்தா பேரு என்ன?"

"எட்வின்."

"ம்," என்றாள்.

ஒலுஃபினாவுக்குத் துக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லவே வாய் வரவில்லை, அதனால் வைக்கவில்லை என்று நான் ஒரு பிரசங்கமே செய்தேன். கமிட்டியில் ஐந்து பேர். மூன்றுக்கு இரண்டு என்று ஸக்கரியாஸ் ஜெயித்தார். மூன்றாவதாக உயர்ந்த கை என் அண்ணனுடையது. ரிஸ்டின் கோட்டைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் தலையசைத்துவிட்டுப் போனாள். நான் வீட்டுக்கு வந்து, ஜெயித்த சந்தோஷத்தில் வாஃபிள் சுட்டுச் சாப்பிட்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை காலை, உரையில் ஒரு தேதியைச் சரிபார்க்க ஞானஸ்நானப் பதிவேட்டைக் கணினியில் திறந்தேன். தாத்தா எட்வின் பிறந்தது 1908 மார்ச். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ரிஸ்டினின் அந்த 'ம்' காதில் விழுந்தது. அந்த மூக்கறுப்பை ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று, வால்போர்க்கில் அப்பனை இழந்து அந்தக் குளிர்காலத்தில் பிறந்த பிள்ளைகளையெல்லாம் எண்ணினேன். என் தாத்தாவோடு சேர்த்து ஏழு பேர்.

பெடர் மூழ்கினான், பிள்ளை பெடர். ஹான்ஸ் மூழ்கினான், பிள்ளை ஹான்ஸ். நிக்கொலாய் மூழ்கினான், பிறந்தது பெண், அதையும் விடவில்லை, நிக்கொலினா. இரட்டைப் பிள்ளை பெற்ற ஒருத்தி அப்பன் பெயரை இரண்டாகப் பிரித்து இருவருக்கும் வைத்திருக்கிறாள். ஆறு பிள்ளைகளின் மேலும் செத்த அப்பனின் பெயர் இருந்தது. எட்வினுக்கு மட்டும் இல்லை. ஒலுஃபினா மற்ற ஐந்து விதவைகளைவிட அதிகமாகவா துக்கப்பட்டாள்?

என் கை தானாகவே 1910-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கைத் திறந்தது. பெயர் தேடும் இடத்தில் ஸக்கரியாஸ் என்று போட்டு, பிறந்த தேதியாக 1876 மே 14 என்று போட்டேன். ஆறு வருஷமாக இறந்தவர்களின் ஏடுகளில் மட்டுமே அந்த மனிதரைத் தேடியவள் நான். உயிரோடு இருப்பவர்களின் பட்டியலில் தேட வேண்டும் என்று ஒரு தரம்கூடத் தோன்றியதில்லை.

ஒரே ஒருவர் வந்தார். வடகோடியில், வார்டோ ஊரில். குடும்பப் பெயர் வேறு. புது ஊருக்குப் போனால் புது இடத்தின் பெயரை ஒட்டிக்கொள்வது அன்றைக்கு எல்லோரும் செய்ததுதான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தொழில் மீன்பிடிப்பு. மனைவி உண்டு, ஒரு வயதில் மகள் உண்டு. பிறந்த ஊர் என்ற கட்டத்தில் ஹெஸ்தோய். மனைவியை ஏமாற்றினார், பாதிரியாரை ஏமாற்றினார், கணக்கெடுக்க வந்த அரசாங்க ஆளிடம் மட்டும் பிறந்த தேதியையும் ஊரையும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆட்கள் அப்படித்தான். பெண்டாட்டியிடம் பொய் சொல்வார்கள், படிவத்தில் சொல்ல மாட்டார்கள்.

ஒலுஃபினாவும் எல்லாம் தெரிந்தவள்தான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கைவிடப்பட்டவளாக ஊரில் நடமாடுவதைவிட, கடலுக்குக் கணவனைக் கொடுத்தவளாக நடமாடுவது மேல் என்று நினைத்திருக்கிறாள். அதே வாரத்தில் ஒரு கப்பல் மூழ்கியது அவளுக்கு வசதியாகப் போயிற்று. பாதிரியாரிடம் பொய் சொல்ல முடிந்தவளால், உயிரோடு இருக்கிறவன் பெயரைச் செத்தவன் பெயராகப் பிள்ளை தலையில் வைக்க முடியவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது, பாதியிலேயே அடங்கியும் போனது.

அண்ணன் வீடு வளைகுடாவின் மறுபக்கம். நடந்தே போனேன். ஆன்ஸ்டெயின் கொட்டகை முன்னால் படகைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அவனும் உடைந்துபோவான் என்று நினைத்தேன், முட்டாள்.

"ஆன்ஸ்டெயின், பிரஷ்ஷக் கீழ வை. ஸக்கரியாஸ் அந்தக் கப்பல்லயே இல்ல. 1910-ல வார்டோவுல உசிரோட இருந்திருக்கார். இன்னொரு பொண்டாட்டி, ஒரு பொண்ணு."

அவன் பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்தான். இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம்.

"செத்தது 1938-ல," என்றான். "நெஞ்சு வலி. படுக்கையிலயே போயிட்டார்."

நான் படகின் மேல் கையை ஊன்றினேன். கையெல்லாம் பெயின்ட் ஆனது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா சொன்னார். எனக்கு சர்ச்சுல திடப்படுத்தல் சடங்கு ஆச்சே, அந்தக் கோடையில. வலை இழுத்துக்கிட்டே சொன்னார்."

"அம்பது வருஷம் ஆச்சு!"

"அம்பத்தொண்ணு."

"அம்மாவுக்கு?"

"தெரியும்."

"ஓடா அத்தைக்கு?"

"அவங்களுக்குத் தெரியாம இருக்குமா? வார்டோக்காரங்க கிறிஸ்துமஸ் கார்டே அவங்களுக்குத்தான் போடுவாங்க."

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் அடுத்ததாகக் கேட்டேன், இல்லை என்று சொல்வான் என்று நிச்சயமாக நம்பித்தான் கேட்டேன். "சிக்முனுக்கு?"

ஆன்ஸ்டெயின் கடல் பக்கம் பார்த்தான். "ஒரு தடவ மீன் பிடிக்கப் போனப்ப பேச்சு வந்துது. உன்கிட்ட சொல்லி உன்ன ஏன் சங்கடப்படுத்தணும்னு அவனே சொன்னான்."

இருபத்தெட்டு வருஷம் என் பக்கத்தில் படுத்தவன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என்னோடு அந்த வடக்கு மூலைக்கு வந்து, நான் பாடும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன். எல்லோரும் நின்றார்கள். எல்லோருக்கும் தெரிந்த நாடகத்தில் அழுதவள் நான் ஒருத்திதான்.

"ஆறு வருஷம் நான் நாயா அலஞ்சேன். நீ பாத்துட்டே இருந்தே."

"சிக்முன் போனப்புறம் நீ சமையக்கட்டுல உக்காந்து சுவத்தையே பாத்துட்டு இருந்தே தூர்திஸ். சாப்பிடல, தலை சீவல. அப்புறம் இது கெடச்சுது. எழுந்தே, ஊர் ஊராப் போனே, ரேடியோவுல பேசுனே. அதை எந்த வாயால நான் கெடுப்பேன்?"

"ஓஹோ, எனக்கு வெளையாட்டுச் சாமான் வாங்கிக் குடுத்தியா? ரிஸ்டினை நான் பேசுன பேச்செல்லாம் பக்கத்துல உக்காந்து கேட்டியே! அது அவங்க வீட்டு ஆளோட குழின்னு தெரிஞ்சே கையத் தூக்குனியே!"

"அவங்க ஆளுதான்னு யாருக்குத் தெரியும்?"

"நம்ம ஆளு இல்லன்னு உனக்குத் தெரியுமே!"

"அப்ப தங்கச்சிக்கு எதிரா ஊர் முன்னாடி கையத் தூக்கச் சொல்றியா?" என்று கேட்டான். அதைச் சொன்ன முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. என்மேல் பாசம் வைத்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிற முகம். பதில் சொல்லாமல் திரும்பி நடந்தேன். என் வாழ்க்கையில் நான் பதில் சொல்லாமல் போன தருணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கமிட்டித் தலைவர் ஹால்வாருக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். நல்ல மனிதர், சண்டை என்றால் மட்டும் ஒதுங்கிவிடுவார்.

"கல்லு செதுக்கி நட்டாச்சு தூர்திஸ். பெரிய பாதிரியார் வர்றார். நூத்திருபது பேருக்கு க்ரீம் கேக் சொல்லியாச்சு. இப்போதைக்கு இத இப்படியே விடுவோம். இலையுதிர்காலக் கூட்டத்துல ஒரு விஷயமா எடுத்துப்போம், சரியா?"

"பொய்யான கல்லத் திறந்துட்டு, அது பொய்யான்னு அக்டோபர்ல ஓட்டெடுக்கப் போறீங்களா?"

"அப்படிச் சொன்னா அசிங்கமா இருக்கு," என்றார் வருத்தத்தோடு.

எனக்குப் புரிந்தது. என் குடும்பம் மட்டும் இல்லை, என் ஊரே அப்படித்தான். யாரும் வில்லன் இல்லை. எல்லோரும் மரியாதையானவர்கள், யாருக்கும் காபி நேரத்தில் சங்கடம் வரக்கூடாது, அவ்வளவுதான். என்னைப் பேசவிடாமல் செய்ய வேண்டுமென்றால் மைக்கை வேறு யாரிடமாவது கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யவும் அவர்களுக்குச் சங்கடம்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. பெண்கள் வெள்ளிப் பொத்தான் வைத்த விழா உடையில் வேர்த்துப்போய் நின்றார்கள். ஊர் பேண்டு வாசித்தது, பெரிய பாதிரியார் கடலைப் பற்றிப் பேசினார், கொடித்துணியை இழுத்ததும் கல் தெரிந்தது. கடைசி வரியில் ஸக்கரியாஸ். எழுத்து அழகாகத்தான் இருந்தது. கூட்டத்தின் கடைசியில், வேலிக்குப் பக்கத்தில், ரிஸ்டின் தன் நீலமும் சிவப்புமான விழா உடையில் நின்றாள். தன் பெரியப்பனின் பெயர் இல்லாத கல்லுக்கு அந்தக் கிழவி உடுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

பெயர்களைப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் மணி ஒரு தரம் அடித்தது. நாற்பதாவது மணி ஓய்ந்தது. ஆன்ஸ்டெயின் முதல் வரிசையில் இருந்தான், லேசாகத் தலையை ஆட்டினான். தைரியம் சொல்கிறானா, வேண்டாம் என்கிறானா, தெரியவில்லை.

"ஈசாக் பால்சன்," என்று படித்தேன். "வயது பத்தொன்பது. மேல்தளப் பயணி."

மணி அடிப்பவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடிக்கவில்லை.

"அடிங்க," என்றேன். அடித்தார்.

பிறகு சொன்னேன்: "கல்லுல கடைசியா இருக்கிறது என் கொள்ளுத்தாத்தா. அவர் இந்தக் கப்பல்ல ஏறவே இல்ல. பொண்டாட்டிய விட்டுட்டு வார்டோவுக்குப் போயி, அங்க முப்பது வருஷம் நல்லா வாழ்ந்து, படுக்கையில செத்தார். என் குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் வியாழக்கிழமைதான் தெரிஞ்சுது. ஈசாக்கோட எடத்த நான்தான் பிடுங்குனேன். காகிதம் இருக்கான்னு கேட்டேன். அதுக்கு இப்ப எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேக்குறேன்."

ஹால்வார் பேண்டைப் பார்த்துக் கையைக் காட்ட, அவர்கள் அவசர அவசரமாகத் தேசிய கீதத்தை ஆரம்பித்தார்கள். அது முடிந்ததும் கூட்டம் கேக்கை நோக்கிப் போனது. என்னைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுத்தான் நடந்தார்கள். காலமெல்லாம் நான் டிக்கெட் கிழித்துக் கொடுத்த ஜனங்கள்.

வேலிப் பக்கம் போனேன். ரிஸ்டின் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

"படிச்சது நல்லது," என்றாள். "கல்லுல இன்னும் உங்க ஆளுதான் இருக்கார்."

"நாளைக்குக் கல்தச்சர் வர்றார். நானே பேசிட்டேன். கமிட்டி என்ன வேணா சொல்லட்டும்."

"அப்ப உனக்கு நெசமாவே தெரியாதா? இத்தன நாளா, நீ எல்லாம் தெரிஞ்சேதான் பண்றேன்னு நெனச்சேன்."

"ஏன் அப்படி நெனச்சீங்க?"

"எங்கப்பா உங்க வீட்டுக்கு வந்தாரே. 1988-ல. ஈசாக் கப்பல் ஏறுனப்ப எங்கப்பாவுக்கு வயசு அஞ்சு. வர்றப்போ தம்பிக்கு ஊதுகுழல் வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போன அண்ணன். எம்பத்தாறு வயசுல, ரெண்டு ஃபெர்ரி மாறி, குச்சி ஊனிக்கிட்டு வந்து, அந்தக் குழி யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க, செத்தா பக்கத்துல படுத்துக்கிறேன்னு கேட்டார். உங்க அண்ணன்தான் கதவத் தொறந்தார். அது ஸக்கரியாஸ், சந்தேகமே இல்லன்னு சொல்லி அனுப்பிட்டார். அடுத்த வருஷம் அப்பா போயிட்டார். ஃபியோர்டுலயே பொதச்சோம்."

ஊர்க்கூடத்தில் ஆன்ஸ்டெயின் தனியாக ஒரு மேசையில் கேக்கோடு உட்கார்ந்திருந்தான். நான் உட்காரவில்லை.

"ஈசாக்கோட தம்பி உன்கிட்ட வந்தாரா?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். மறுக்கவில்லை. நினைவு வைத்திருந்தான், மறக்கவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் அவனைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்கிற வருத்தம்தான் அவன் கண்ணில் இருந்தது.

"நான் ஒண்ணும் வாசல்ல நிக்க வெச்சு அனுப்பல தூர்திஸ்," என்றான். "உள்ள கூப்பிட்டு, உக்கார வெச்சு, காபி குடுத்துத்தான் அனுப்புனேன்."